உப்பு வியர்வையும் உழைக்கும் தசையும்

1948ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் நியூயார்க் நகரைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வெப்பம் தாளாமல் சோர்ந்து விழுந்த குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைக் கவனித்த டாக்டர் பால் டி சான்டாக்னீஸ் ஒரு விந்தையைக் கண்டார். அக்குழந்தைகளுள் பலர் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்கள்! நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் நோய்க்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு?

விடை வியர்வையில் இருந்தது. இந்நோயாளிகளின் வியர்வையில் உப்பு பன்மடங்கு மிகுதி என்று அவரும் அவருடைய தோழர்களும் 1953இல் வெளியிட்டனர். மருத்துவமனையில் கண்டறிந்த இவ்வுண்மை விளையாட்டு மைதானத்திலும் மிக முக்கியமானது. அது ஏன் என்று காண்போம்.

திறவாத வாயில்

நம் உடலின் பல செல்களின் சவ்வில் குளோரைடு அயனிகள் சென்றுவர ஒரு வாயில் உண்டு. சி.எஃப்.டி.ஆர். எனப்படும் ஒரு புரதமே அந்த வாயில். 7ஆம் குரோமோசோமில் உள்ள, இதை உருவாக்கும் ஜீன் 1989இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட ஜீனைப் பெறும் குழந்தைக்கு இந்நோய் உண்டாகிறது.

வாயில் சரிவரத் திறக்காவிட்டால் நுரையீரலின் காற்றுக் குழாய்களில் போதிய ஈரம் இராது. சளி கெட்டியாகிப் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் அதில் குடியேறும். வியர்வைச் சுரப்பியில் நிலைமை வேறு. அங்கே வியர்வை வெளியேறும் வழியில் அதிலுள்ள உப்பின் பெரும்பகுதியை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். வாயில் அடைபட்டிருப்பதால் உப்பு வியர்வையோடு வெளியே போய்விடுகிறது. பெரும்பாலோருக்கு ஒரு லிட்டர் வியர்வையில் 30 மில்லிமோலுக்கும் குறைவான குளோரைடே இருக்கும். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் இந்நோயை ஐயுறுவர்.

உடற்பயிற்சியும் ஒரு மருந்தே

அப்படியானால் இவர்கள் ஓடியாடாமல் உட்கார்ந்திருப்பதே நல்லதல்லவா? இல்லை! ஓடும்போது மூச்சு ஆழமாகிறது. ஒட்டிக்கிடக்கும் சளி அசைந்து, இருமலுடன் வெளியேறுகிறது. தசையும் எலும்பும் வலுப்பெறுகின்றன.

1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 109 நோயாளிகளின் உடல்திறன் அளக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, திறன் மிகுந்த பிரிவினரில் 83 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர். திறன் மிகக் குறைந்த பிரிவினரிலோ 28 சதவீதத்தினரே. இதைக் கொண்டு பயிற்சி ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. எனினும் உடல்திறனைப் பேணுவது எவ்வளவு அவசியம் என்பதை அது உணர்த்தியது.

தசை சிதைவது எப்படி?

ஒரு குன்றின் படிகளில் ஏறி இறங்கிய மறுநாள் தொடை வலித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கினாலும் வலிக்குப் பெரிதும் காரணம் இறங்கியதே. இறங்கும்போது தொடைத்தசை உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. அப்போது தசையிழைகளில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. சிதைந்த இழைகளிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் கசிகிறது. இரத்தத்தில் அதன் அளவு சில நாட்கள் உயர்ந்திருக்கும். இது எல்லோருக்கும் நேர்வதுதான். ஓய்வு கொடுத்தால் தசை தன்னைச் செப்பனிட்டு, முன்னிலும் உறுதியாகிவிடும்.

அளவு மீறினால் கதை வேறு. தசையிழைகள் பெருமளவில் அழிந்தால் மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் கறுத்த தேநீர்போல் மாறும். இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களில் நசுங்கியவர்களுக்கு இவ்வாறு சிறுநீரகம் செயலிழந்ததை டாக்டர் பைவாட்டர்ஸ் 1941இல் விவரித்தார். பழக்கமில்லாதவர் கடும் பயிற்சியில் திடீரென இறங்கினாலும், அரிதாக இந்நிலை நேரலாம்.

ஏமாற்றும் தாகம்

இப்போது உப்புக்கு மீண்டும் வருவோம். சாதாரணமாக வியர்க்கும்போது உப்பைவிட நீரே மிகுதியாக வெளியேறும். அதனால் இரத்தத்தின் உப்புச் செறிவு உயர்ந்து, மூளை தாகத்தை எழுப்பும். சிஸ்டிக் பைப்ரோசிஸ் உள்ளவரிடமிருந்து உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் இந்த எச்சரிக்கை மணி சரியாக அடிப்பதில்லை. வெப்பத்தில் பயிற்சி செய்த இத்தகைய குழந்தைகள், தாமாகக் குடிக்க விட்டபோது, மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே நீர் குடித்தனர் என்று 1992இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நீரும் உப்பும் குறைந்த உடலில் தசை பிடித்துக்கொள்ளும், சோர்வு மிகும், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தமும் குறையும். அந்நேரத்தில் தசையும் சிதைந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழுதான வாயிலைச் செயற்பட வைக்கும் மூன்று மருந்துகளின் கூட்டு ஒன்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உட்கொள்ளும் சிலருக்குக் கிரியேட்டின் கைனேஸ் உயர்வதுண்டு. முந்தின நாள் கடுமையாக விளையாடியவருக்கும் அது உயரும். காரணம் மருந்தா, மைதானமா? தவறாகக் கணித்தால் நல்ல மருந்தோ நல்ல பயிற்சியோ வீணாக நின்றுபோகும். எனவே இரத்தப் பரிசோதனைக்குச் செல்பவர் தாம் செய்த பயிற்சியை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நினைவில் கொள்வோம்

பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்த உடனே முழு வேகத்தில் ஓடக்கூடாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், மருத்துவர் கூறிய அளவில் உப்பு சேர்ந்த பானத்தை இடையிடையே அருந்த வேண்டும. தசையில் தாங்கமுடியாத வலி, வீக்கம், கறுத்த சிறுநீர் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நண்பர்களே! இத்தகைய மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் இருந்தால், இரக்கப்பட்டு அவரை மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் நீர் அருந்தும் நேரங்களில் ஆட்டத்தைச் சற்று நிறுத்துங்கள். நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பேருதவி அதுவே.