நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு மான் வேட்டைக்குப் போகலாமா?

(எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து தொடங்குது. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல, ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. ராத்திரி 7 மணியில இருந்து காலையில 7 மணி வரைக்கும் ஷிஃப்ட். அவர் சொன்னதோட சுருக்கம் இதுதான்: "இந்த வருஷம் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிச்சு, லைசென்ஸும் எடுத்துட்டேன். கூட வேலை பாக்குறவங்க ஷிஃப்ட் முடிஞ்ச கையோட காட்டுக்குப் போயிடுறாங்க. போன சீசன்ல ஒருத்தர் மரத்து மேலயே தூங்கிட்டாராம். பெல்ட் போட்டிருந்ததால தப்பிச்சார். நான் எப்படி பிளான் பண்றது?"

கேட்டதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது ஓ.எம்.ஆர்.ல காலையில 6 மணிக்கு கேப்ல தலை தொங்கத் தொங்க வீட்டுக்குப் போறவங்கதான். மான் வேட்டைன்னு இல்ல, நைட் ஷிஃப்ட் பாக்குற எல்லாருக்கும் இந்தக் கேள்வி இருக்கு. மனசுக்குப் பிடிச்ச ஒண்ணுக்கு நேரம் எங்கேர்ந்து எடுக்கிறது? பெரும்பாலும் தூக்கத்துல இருந்துதான் எடுக்கிறோம்.

முதல்ல ஒரு விளக்கம்

நம்ம ஊர்ல மான் வேட்டை குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை பண்ணுது. அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. அமெரிக்காவுல கதை வேற. கட்டுப்பாடே இல்லாம சுட்டதுல, 1900-ஐ ஒட்டி அங்கேயும் வெள்ளைவால் மான்கள் கிட்டத்தட்ட அழியிற நிலைமைக்கு வந்துச்சு. அப்புறம் சீசன், லைசென்ஸ், ஆளுக்கு இத்தனைன்னு கணக்கு எல்லாம் வந்தது. 1937-ல வந்த ஒரு சட்டப்படி, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலாகுற வரி மாநிலங்களோட வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகுது. இன்னிக்கு அந்த நாட்டுல கோடிக்கணக்குல மான்கள் இருக்கு. பல இடங்கள்ல அதை வேட்டையாடுற ஓநாயும் இல்ல, பூமாவும் இல்ல. அதனால எண்ணிக்கையைக் கட்டுக்குள்ள வைக்க மாநில அரசே மனுஷங்களை அனுமதிக்குது. பலருக்கு அது ஒரு வருஷத்துக்கு ஃப்ரீசர்ல வைக்கிற கறியும்கூட.

விஸ்கான்சின்ல துப்பாக்கி சீசன் ஒன்பதே நாள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். அஞ்சு லட்சத்துக்கும் மேல ஆளுங்க அந்த ஒன்பது நாளைக்காகக் காத்திருப்பாங்க. பக்கத்துல மிச்சிகன்ல எந்தக் கிழமையா இருந்தாலும் நவம்பர் 15-தான் முதல் நாள். அன்னிக்கு லீவு விடுற ஸ்கூல்கூட அங்கே உண்டு. நீங்க அந்தப் பக்கத்து கிளையண்ட்டோட வேலை பாக்குறவரா இருந்தா, நவம்பர்ல சில பேர் திடீர்னு மெயிலுக்குப் பதில் போடாததுக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

மானோட கடிகாரம்

மான் முழுப் பகல் பிராணியும் இல்ல, முழு ராத்திரிப் பிராணியும் இல்ல. விடியற நேரத்துலயும் இருட்டுற நேரத்துலயும்தான் அதிகம் நடமாடும். மேய்ஞ்சுட்டு, மறைவா படுத்து, மாடு மாதிரி அசைபோடும். ராத்திரியில சுட முடியாது. பெரும்பாலான மாநிலங்கள்ல சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாடி தொடங்கி அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னாடி வரைக்கும்தான் அனுமதி. மாநிலத்துக்கு மாநிலம் சில நிமிஷம் மாறும்.

இப்போ நம்ம நேயரோட கணக்கைப் பாருங்க. நவம்பர் கடைசியில அங்கே சூரியன் உதிக்கிறது காலை 7 மணியை ஒட்டி. அவர் ஷிஃப்ட் முடியறதும் 7 மணி. பஞ்ச் பண்ணிட்டு, டிரஸ் மாத்திட்டு, வண்டி ஓட்டி, காட்டுக்குள்ள நடந்து போய்ச் சேர 8:30 ஆயிடும். மான் நடமாட்டம் உச்சத்துல இருக்கிற நேரம் போயே போச்சு. அதாவது, எல்லாரும் பண்ற "ஷிஃப்ட் முடிஞ்சு நேரா காட்டுக்கு" பிளான்ல தூக்கமும் போகுது, மானும் போகுது.

ஒரு விதிவிலக்கு இருக்கு. நவம்பர் முதல் பாதியில இணைசேரும் பருவம் உச்சத்துல இருக்கும். அப்போ ஆண் மான்கள் பெண் மானைத் தேடி நட்டநடுப் பகல்லகூட அலையும். காலை 10 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் உட்கார்றதுக்கு அர்த்தம் இருக்கிறது அந்த ரெண்டு வாரம்தான்.

உங்க கடிகாரம்

நேயர் மத்தியானம் 3 மணிக்கு எழுந்திருச்சார்னு வைப்போம். மறுநாள் காலை 8 மணிக்கு அவர் விழிச்சிருக்கிற நேரம் 17 மணி. 17 மணி நேரம் தூங்காம இருக்கிறவரோட கவனமும் கை வேகமும், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவரோட அளவுக்கு இறங்கிடும்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. நம்ம ஊர்ல வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கிற அளவே 0.03தான். 24 மணி நேரம் ஆச்சுன்னா அது 0.10 அளவுக்குப் போகுது. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்களோட வரம்பு 0.08. குடிச்சுட்டு யாராவது துப்பாக்கியோட மரம் ஏறினா நாம விடுவோமா? தூக்கம் கெட்டு ஏறினா மட்டும் "செம டெடிகேஷன்"னு சொல்றோம்.

அங்கே பலர் தரையில உட்கார மாட்டாங்க. நம்ம ஊர்ல காட்டுப்பன்னிக்குக் காவல் இருக்கப் பரண் போடுவாங்களே, அந்த மாதிரி மரத்துல 15, 20 அடி உயரத்துல ஒரு சின்ன இருக்கை. பலமா அடிபடுறதுக்குப் பெரிய காரணமே அதுல இருந்து விழறதுதான். அதனால தரையை விட்டுக் காலை எடுத்ததுல இருந்து திரும்பத் தரையில வைக்கிற வரைக்கும் ஹார்னஸ் மாட்டியிருக்கணும். உட்கார்ந்த பிறகு மாட்டிக்கலாம்னு நினைக்கிறது தப்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் விழறவங்க நிறைய. தூக்கம் குறைவா இருக்கிற நாள்ல பரணே வேண்டாம், தரையில மறைப்புக் கூடாரம் போதும்.

ரோட்டையும் மறந்துடாதீங்க. மான்கள் வண்டியில மோதுறது அதிகமா நடக்கிற மாசமும் நவம்பர்தான். நீங்க தேடிப் போற மான், தூக்கக் கலக்கத்துல நீங்க வண்டி ஓட்டுற நேரத்துல ரோட்டுல குறுக்க ஓடி வரலாம்.

காபி பத்தி ஒரு வார்த்தை. குடிச்ச காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போக சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியக்காலை 4 மணி காபி, 9 மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளேயே இருக்கும். ராத்திரி 1 மணியோட நிறுத்திக்கிறது நல்லது.

அப்போ எப்பதான் போறது?

மூணு வழி இருக்கு.

முதல் வழி, லீவு நாளோட ஓரங்களைப் பிடிக்கிறது. 12 மணி நேர ஷிஃப்ட்ல பல இடங்கள்ல ரெண்டு நாள் வேலை, ரெண்டு நாள் லீவு, மூணு நாள் வேலைன்னு ஒரு சுழற்சி ஓடும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூணு நாள் சேர்ந்து லீவு வரும். கடைசி ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்ச காலையில வீட்டுக்குப் போய் 8 மணியில இருந்து 12 மணி வரைக்கும் மட்டும் தூங்குங்க. சாயங்காலம் தரையில உட்கார்ற மாதிரி ஒரு வேட்டை. அன்னிக்கு ராத்திரி 9 மணிக்கே படுத்துடுங்க. தூக்கக் கடன் இருக்கிறதால நல்லாவே தூக்கம் வரும். மறுநாள் விடியக்காலை புத்துணர்ச்சியா எழுந்திருப்பீங்க. பரண் ஏற வேண்டிய நாள் அதுதான். இதுல இன்னொரு லாபம், உங்க லீவு பல வாரம் செவ்வாய், புதன்ல வரும். வாரக் கடைசியில கூட்டமா இருக்கிற பொதுக் காடு அன்னிக்குக் காலியா கிடக்கும்.

ரெண்டாவது வழி, ஷிஃப்டுக்கு முன்னாடி சாயங்காலம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அதுக்கு முன்னாடி அஸ்தமனம் 5:45 வாக்குல இருக்கும், 7 மணி ஷிஃப்டுக்கு ஓடிப் போகணும். மாத்தினதுக்கு அப்புறம் 4:30 வாக்குல இருட்டிடும். காலை 8 மணியில இருந்து 1:30 வரைக்கும் தூங்கிட்டு, 2:30-க்குக் காட்டுல உட்கார்ந்தா முழு சாயங்காலமும் உங்களுக்குத்தான்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, பலரும் யோசிக்காதது. சுட்டதோட வேலை முடியறதில்ல, அங்கேதான் தொடங்குது. அம்பு பட்ட மானை உடனே துரத்தக்கூடாது. அரை மணி நேரமாவது காத்திருக்கணும், அடி சரியா விழலைன்னா பல மணி நேரம். அப்புறம் ரத்தத் தடத்தைப் பார்த்துத் தேடணும். கிடைச்சதும் குடலை எடுக்கணும், இழுத்துட்டு வரணும், கறி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போற மாதிரி குளிர வைக்கணும். விஸ்கான்சின்ல மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள பதிவும் பண்ணணும். 4:30-க்குச் சுட்டுட்டு 7 மணிக்கு லேப்ல நிக்கணும்னா, அடிபட்ட மான் ராத்திரி முழுக்க புதருக்குள்ள துடிச்சுட்டுக் கிடக்கும். கறியும் கெட்டுப்போகும்.

அதனால நம்ம நேயருக்கு நான் சொன்னது: ஷிஃப்ட் இருக்கிற நாள்ல, "நான் தேடுறேன், நீ கிளம்பு"ன்னு சொல்ல ஒரு ஆள் கூட இல்லன்னா, சுடாதீங்க. சும்மா உட்கார்ந்து, எந்த வழியா மான் வருது போகுதுன்னு பார்த்துட்டு வாங்க. லீவு நாளுக்கு அது உதவும்.

மூணாவது வழி, ஒன்பது நாளையே நம்பியிருக்காம இருக்கிறது. விஸ்கான்சின்ல வில் சீசன் செப்டம்பர் நடுவுல தொடங்கி ஜனவரி வரைக்கும் போகுது. அத்தனை வாரத்துல உங்க லீவு சுழற்சி பல தடவை வந்து போகும். அப்படியும் முதல் சனிக்கிழமை கட்டாயம் வேணும்னா, வேட்டைக்குப் போகாத ஒருத்தர்கிட்ட ஷிஃப்டை மாத்திக்கோங்க. பதிலுக்கு கிறிஸ்துமஸ் ராத்திரியை நீங்க பாருங்க. கோடையிலயே கேட்டுடணும். அக்டோபர்ல கேட்டா எல்லாரும் அதே நாளுக்குத்தான் வரிசையில நிப்பாங்க.

நமக்கு இதுல என்ன இருக்கு?

நீங்க வேட்டைக்குப் போகப் போறதில்ல. ஆனா ஷிஃப்ட் முடிஞ்ச கையோட பைக் எடுத்துட்டு ஏற்காடு போறவங்க நம்மள்ல இருக்காங்க. காலை 8 மணிக்கு ஜிம்முக்குப் போய் தலைக்கு மேல வெயிட் தூக்குறவங்க இருக்காங்க. அதே 17 மணி நேரக் கணக்கு அவங்களுக்கும் பொருந்தும். இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. கடைசியா எத்தனை மணிக்கு எழுந்தோம்னு எண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் சாவியை எடுங்க.

நம்ம நேயர் அதுக்கப்புறம் ஒரு மெசேஜ் அனுப்பினார். முதல் சனிக்கிழமை அவருக்கு ஷிஃப்ட் மாத்திக்க ஆள் கிடைக்கல. அதனால அடுத்து வர்ற செவ்வாய்க்கிழமை காலை, முழுசா ஒரு ராத்திரி தூங்கிட்டுப் போகப் போறாராம். பெல்ட் போட்டு நிக்கிற போட்டோவும் அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். வந்ததும் உங்களுக்குச் சொல்றேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். நைட் ஷிஃப்ட்ல இருந்து இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, முதல்ல போய்த் தூங்குங்க.