பெட்டியடிப் பையனும் லீக் ஆட்டக்காரனும்

சின்ன வயதிலேயே தொழிலுக்குப் போவது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. நூறு வருடங்களுக்கு முன்பு காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நகரத்தார் வீட்டுப் பையன்கள் மீசை அரும்பும் முன்பே பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறினார்கள். ‘கொண்டுவிக்கப் போயிருக்கான்’ என்று ஊரில் சொல்வார்கள். அங்கே வட்டிக்கடை நடக்கும் கிட்டங்கியில், பணப்பெட்டி அருகே எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, கெட்டிக்காரனாக இருந்தால் ஏஜெண்டாகத் தலையெடுக்கலாம். காலேஜ் படிப்பை யாரும் கேட்கவில்லை.

அந்த ஏஜெண்டுக்கு முதலாளி எழுதிக் கொடுத்த சம்பளச் சீட்டு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தவணை பொதுவாக மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கைக்கு வரும். கப்பலேறுகிறவர் அதை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். மூன்று வருடம் முடிந்து கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பினால், நல்ல பெயர் இருக்கும்பட்சத்தில் அடுத்த தவணை காத்திருக்கும். கடுமையான வாழ்க்கைதான், குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கைதான். ஆனாலும் எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியும். இன்று தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆடும் கல்லூரிப் பையனுக்கு இந்த இரண்டு கேள்விக்கும் அவ்வளவு தெளிவான பதில் கிடைப்பதில்லை.

இடையில் காலம் மாறியது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் கிட்டங்கி வாழ்க்கை குலைந்தது. 1947-ல் கோட்டையூர்க்காரரான அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அது வளர்ந்து 1985-ல் பல்கலைக்கழகமாயிற்று. உடற்கல்விக்கென்றே தனிக் கல்லூரியும் அங்கே உண்டு. கப்பலுக்குப் போன வயதில் பையன்கள் வகுப்புக்குப் போனார்கள்.

படித்து முடித்த ஆட்டக்காரன் எங்கே போனான்? பேங்குக்கு. இதிலும் செட்டிநாட்டின் கை இருக்கிறது. கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தார். அதற்கு முன்பே, 1907-ல், இந்தியன் வங்கி எழும்பவும் நகரத்தார் பணம் உதவியது. இரண்டும் 1969-ல் அரசுடைமையாயின. வட்டித் தொழிலிலிருந்து முளைத்த இந்த வங்கிகள் பின்னாளில் கூடைப்பந்து வீரர்களுக்குச் சோறு போடும் என்று யார் நினைத்திருப்பார்கள்? ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்கத் துறை என்று ஆபீஸ் டீம்கள்தான் தமிழ்நாட்டில் இந்த ஆட்டத்தைத் தாங்கின.

வழி நேராக இருந்தது. கல்லூரி டீம், பல்கலைக்கழக டீம், மாநில டீம், அங்கிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. ஆடுகிற வயது தீர்ந்தாலும் நாற்காலி இருக்கும், பென்ஷனும் இருக்கும். ‘கோட்டாவில் போயிட்டான்’ என்பதை அன்று பெண் வீட்டார் தகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. வேலை கிடைத்ததும் ஆட்டத்தில் வேகம் குறைந்துவிடும் என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனாலும் மூட்டுவலியோடு முப்பத்தைந்து வயதில் வேலை தேடி அலைவதைவிட அது மேல் என்பேன்.

இப்போது லீக் காலம். 2010-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்துடன் முப்பது வருட ஒப்பந்தம் போட்டபோது பெரிய லீக் வரும் என்ற பேச்சு எழுந்தது. வரவில்லை. 2015-ல் யூ.பி.ஏ. லீக் வந்தது, சென்னை ஸ்லாம் என்ற டீமும் வந்தது. 2017-க்குப் பிறகு லீகையே காணோம். 2022-ல் ஐ.என்.பி.எல். என்ற லீக் வந்தது, முதல் பருவத்தைச் சென்னை ஹீட் வென்றது. 2025-ல் அதே பெயரில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான புரோ லீக். கல்லூரிப் பையனைத்தான் இது நேராகக் கூப்பிடுகிறது. ஆட்டம் சில வாரம். மீதி மாதங்களுக்கு யார் சம்பளம் தருவது?

கல்லூரியைத் தாண்டி லீகுக்குத் தாவிய கூடைப்பந்து வீரர் சட்நாம் சிங்கின் கதை எல்லோருக்கும் தெரியும். பஞ்சாப் கிராமத்திலிருந்து பதினான்கு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர், கல்லூரிக்குப் போகாமலே 2015-ல் அமெரிக்காவின் பெரிய லீகான என்.பி.ஏ.வுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் 52-ஆவதாக டல்லாஸ் மேவரிக்ஸால் எடுக்கப்பட்டார். அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர். ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. கடைசியில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவிலேயே காற்று திசை மாறிவிட்டது. 2006 முதல் பத்தொன்பது வயதாகி, பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆனால்தான் அந்நாட்டுப் பையன் என்.பி.ஏ. தேர்வில் நிற்கலாம். அதனால் பலர் ஒரே வருடம் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்பினார்கள். 2021-ல் மாணவர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்க அனுமதி வந்தது. 2025 முதல் கல்லூரிகளே விளையாட்டு வருமானத்தில் பங்கு கொடுக்கின்றன. கல்லூரியில் இருப்பதே சம்பாத்தியம் என்றானபின் அவசரப்பட்டுக் கிளம்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆனால் காரைக்குடியில் சீக்கிரமே தொழிலில் இறங்கி ஜெயித்தவரும் இருக்கிறார். 2023 ஜனவரியில், பதினாறு வயதில், சதுரங்கத்தில் இந்தியாவின் 79-ஆவது கிராண்ட்மாஸ்டரான எம். பிரணேஷ் இந்த ஊர்ப் பிள்ளை. அவரைக் காட்டிக் கூடைப்பந்து ஆட்டக்காரனுக்குப் புத்தி சொல்வது சரிப்படாது. கிராண்ட்மாஸ்டர் பட்டம் ஆயுளுக்கும் கூட வரும், ஊர் ஊராகப் போட்டியும் உண்டு. கூடைப்பந்தில் லீக் நடத்துகிறவர் கையை விரித்தால் ஆட்டக்காரன் ஆட இடமில்லாமல் நிற்பான்.

ஆபீஸ் டீம்களும் முன்போல இல்லை. ஆள் எடுக்கும் அறிவிப்பு எப்போது வரும் என்று பேப்பர் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு வைத்திருக்கும் 3 சதவீத ஒதுக்கீடு ஓர் ஆறுதல். அதிலும் பல பதவிகளுக்குப் பட்டம் கேட்பார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடவும் ரெகுலர் மாணவனாக இருக்க வேண்டும்.

எனவே லீக்கில் ஆடுங்கள், தம்பிகளே, தாராளமாக ஆடுங்கள். கல்லூரி சீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் எத்தனை மாதச் சம்பளம், முழங்கால் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, பாதியில் லீக் நின்றால் பாக்கி யார் தருவார் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராதவரின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.