காப்புறுதிப் பத்திரத்தை வாசித்தல்: சட்டமும் உரிமைக் கோரிக்கையும் பற்றிய சில குறிப்புகள்

ஒருவர்க்கு நேரும் இழப்பைப் பலர் பகிர்ந்து தாங்கும் வழக்கம் மிகப் பழையது. நமது கிராமங்களில் இயங்கும் மரண உதவிச் சங்கங்கள் அதன் எளிய வடிவமாகும். விபத்துக்கும் இயற்கை அழிவுக்குமெனச் சமூக உற்பத்தியின் ஒரு பகுதி ஒதுக்கப்படல் வேண்டும் என்பதை 1875இல் எழுதிய ‘கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சன’த்திற் கார்ல் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். எனவே காப்பு நிதி என்பது எந்தச் சமூக அமைப்புக்கும் வேண்டப்படுவது. ஆனால் அந்நிதி எவர் கையில் உள்ளது, எவ்விதிப்படி பகிரப்படுகிறது என்பன அவ்வச் சமூகத்தின் உறவுகளால் தீர்மானிக்கப்படுகின்றன. மரண உதவிச் சங்கம் தன் அங்கத்தவரை நேரில் அறியும். காப்புறுதிக் கம்பனியோ அவர் கையொப்பமிட்ட எழுத்தை மட்டுமே அறியும்.

அவ்வெழுத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். நாம் சட்ட அறிஞரல்லேம். ஓர் எழுத்தை அது தோன்றிய சூழலில் வைத்து, எவரால் எவருக்காக எழுதப்பட்டது என நோக்கும் இலக்கிய மாணவரின் முறையையே இங்குக் கைக்கொள்கிறோம். உரிமைக் கோரிக்கையின் வெற்றி தோல்வி, இழப்பு நேர்ந்த நாளிலன்றி, படிவத்திற் கையொப்பமிட்ட நாளிலேயே பெருமளவு தீர்மானிக்கப்படுகிறது என்பது நமது கருத்து.

வரலாற்றுப் பின்னணி

இலங்கையின் காப்புறுதிச் சட்டம் நமது மண்ணில் முளைத்ததன்று. உயிர்க் காப்புறுதி, தீக் காப்புறுதி தொடர்பாக எழும் பிணக்குகளில், அவ்வக் காலத்தில் இங்கிலாந்தில் வழங்கும் சட்டத்தையே பின்பற்றுமாறு குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் விதிக்கிறது. இந்நாட்டிலே வேறு சட்டம் செய்யப்படாதவிடத்து இது பொருந்தும். பெருந்தோட்ட முதலீட்டின் காலத்திற் பிரித்தானிய வர்த்தகருக்கு உகந்ததாயிருந்த இவ்வேற்பாடு, குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னரும் நீங்கவில்லை.

நிறுவன அமைப்பு மாத்திரம் பலமுறை மாறிற்று. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1962இல் உயிர்க் காப்புறுதியையும் 1964இற் பொதுக் காப்புறுதியையும் தனியுரிமையாகப் பெற்றது. 1988இல் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்தும் சபையொன்றை ஏற்படுத்திற்று. அச்சபையே 2017ஆம் ஆண்டின் திருத்தத்தால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எனப் பெயர் மாறியது.

நன்னம்பிக்கைக் கோட்பாடு

காப்புறுதி ஒப்பந்தம் அதியுயர் நன்னம்பிக்கையின் மீது நிற்பது என்பர். இக்கோட்பாட்டின் மூலமாகக் கருதப்படுவது, 1766இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்த கார்ட்டர் எதிர் போம் வழக்காகும். சுமாத்திராத் தீவின் பென்கூலனில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு உரியதாயிருந்த கோட்டையை ஐரோப்பியப் பகைவர் கைப்பற்றக்கூடும் என, அதன் ஆளுநர் கார்ட்டர் இலண்டனிற் காப்புறுதி செய்தார். 1760இற் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். கோட்டையின் வலுக்குறைவை ஆளுநர் மறைத்தார் எனக் காப்புறுதி செய்தவர் வாதிட்டார். தனக்கு மட்டுமே தெரிந்த முக்கிய செய்தியை மறைத்தல் ஒப்பந்தத்தைக் கெடுக்கும் என்ற விதியைக் கூறிய மான்ஸ்ஃபீல்ட், அவ்வழக்கிற் கார்ட்டருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். காப்புறுதி வழங்குபவர் தாமே அறிந்திருக்கக்கூடியதை, பின்னர் மறைக்கப்பட்டது எனக் கூறித் தப்ப முடியாது என்பது அத்தீர்ப்பின் மறுபாதியாகும். நன்னம்பிக்கை இரு தரப்பையும் கட்டுவதாகவே பிறந்தது. காலப்போக்கில் அது ஒரு தரப்பின் ஆயுதமாயிற்று.

அது எவ்வாறு ஆயுதமாயிற்று என்பதைப் பிரேரணைப் படிவம் காட்டும். படிவத்தின் அடியில், மேலுள்ள விடைகளே ஒப்பந்தத்தின் அடிப்படையாகும் என்ற ஒரு வாக்கியம் இருப்பதுண்டு. 1922இல் பிரபுக்கள் சபை தீர்த்த டோசன்ஸ் எதிர் பொனின் வழக்கில், லொறி நிறுத்தப்படும் இடத்தின் முகவரி படிவத்தில் தவறாக எழுதப்பட்டிருந்தது. அத்தவறு முக்கியமானதன்று என ஏற்றுக்கொள்ளப்பட்டும், அவ்வொரு வாக்கியத்தின் வலுவால், எரிந்துபோன லொறிக்கு நட்டஈடு மறுக்கப்பட்டது. 1929இன் நியூஷோம் வழக்கோ, முகவர் படிவத்தை நிரப்பினாலும் அதிலுள்ள பிழை கையொப்பமிட்டவரையே சாரும் எனக் கொண்டது. ஆங்கிலப் படிவத்தை முகவர் நிரப்ப, கீழே தமிழிற் கையொப்பமிடும் ஒருவர்க்கு இதன் விளைவு யாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்து இவ்விதியைத் தானே கைவிட்டது. நுகர்வோர் காப்புறுதியில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் வணிகக் காப்புறுதியில் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய வாக்கியத்தை வலுவிழக்கச் செய்தன. கேட்கப்பட்டதற்குக் கவனத்துடன் உண்மை கூறுவதே இன்று அங்கு நுகர்வோரின் கடமையாகும். ‘அவ்வக் காலத்தில் இங்கிலாந்தில் வழங்கும் சட்டம்’ என்னும் நமது கட்டளைச் சட்டத்தின் தொடரை, கோரிக்கை மறுக்கப்பட்டவரின் சட்டத்தரணி இவ்விடத்தில் எடுத்தாளலாம். எனினும் அதனை நம்பிப் படிவத்தை அலட்சியஞ் செய்தல் தகாது. பழைய நோய், முன்னைய விபத்து, முன்னர் மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஆகியவற்றை எழுத்தில் தெரிவித்துப் படிவத்தின் பிரதியொன்றைப் பேணுதல் வேண்டும்.

பத்திரத்தின் சொற்கள்

பத்திரம் முதலிற் கொடுக்கிறது; பின்னர் விலக்குகளால் மீளப் பெறுகிறது. ஆதலின் விலக்குப் பிரிவையே முதலில் வாசித்தல் நன்று. தீக் காப்புறுதிப் பத்திரம் கலவரத்தில் மூட்டப்படும் தீயை வழமையாக விலக்கிவைக்கும். அதற்கு மேலதிகக் கட்டணத்துடன் வேறு காப்புப் பெறல் வேண்டும். கடை எரிந்ததா என்பது மட்டுமன்றி எதனால் எரிந்தது என்பதும் கேட்கப்படும். 1983 ஜூலையை நினைவுகூரும் எவர்க்கும் இவ்வேறுபாட்டின் கனம் விளங்கும்.

குறைத்துக் காப்புறுதி செய்தலின் விளைவையும் பலர் அறியார். ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டை 50 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர்க்கு 20 இலட்சம் ரூபா சேதம் ஏற்பட்டதெனக் கொள்வோம். விகிதாசாரப் பிரிவு பத்திரத்தில் இருப்பின் அவர் பெறுவது 10 இலட்சமே. மீதிப் பாதிக்குத் தாமே காப்புறுதியாளர் எனக் கருதப்படுவார்.

கையொப்பமிட்டவர்க்குத் துணையாகவும் விதிகள் உள. ஐயத்துக்கிடமான சொல், அதனை எழுதியவர்க்கு மாறாகவே பொருள்கொள்ளப்படும். இழப்பு காப்பின் எல்லைக்குள் வருவதை உரிமை கோருபவர் காட்டினால், விலக்குப் பிரிவு பொருந்துகிறது என நிறுவும் சுமை கம்பனியைச் சாரும்.

உரிமைக் கோரிக்கை

இழப்பு நேர்ந்ததும் தாமதமின்றிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்தல் முதற் கடமை; பத்திரம் குறிக்கும் நாளெல்லை தவறின் நியாயமான கோரிக்கையும் வீழும். களவு, தீ, வாகன விபத்து என்பவற்றிற் பொலிஸ் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறல் வேண்டும். மேலும் சேதம் பெருகாது தடுக்கலாம். ஆனால் மதிப்பீட்டாளர் பார்வையிடுமுன் எச்சங்களை அகற்றலாகாது. புகைப்படங்கள், பற்றுச்சீட்டுகள், கணக்குப் புத்தகங்கள் ஆகியன சான்றாகும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. எனினும் விபத்தின்போது, கம்பனியின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்பதாகக் கூறுவது பத்திர நிபந்தனைக்கு மாறாகலாம். உயிர்க் காப்புறுதியில் மரணச் சான்றிதழும் மூலப் பத்திரமும் கேட்கப்படும். ஆதலின் பத்திரம் இருக்கும் இடத்தை வீட்டார் அறிந்திருத்தல் அவசியம்.

குறைந்த தொகையொன்றுக்கு ‘முழுமையான, இறுதியான தீர்வு’ எனக் கையொப்பமிட்டால் மீதியைக் கோருதல் அரிதாகும். கோரிக்கை மறுக்கப்படின், எப்பிரிவின்படி மறுக்கப்பட்டது என்பதை எழுத்திற் கேட்க வேண்டும். அடுத்துக் கம்பனியின் உயர் முகாமைக்கும், பின்னர் காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கோ ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கோ முறையிடலாம். இறுதி வழி நீதிமன்றமாகும். எழுத்திலமைந்த ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டுகளை விதிக்கிறது. எனினும் பத்திரம் இதனினும் குறுகிய காலத்தைக் கூறுகிறதா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

முடிவாக ஒன்று கூறலாம். காப்பு நிதி பலரது சிறு தொகைகளாற் பெருகுவது. அதன் விதிகளையோ அப்பலர் எழுதுவதில்லை. தனியொருவரின் கவனமான வாசிப்பு அந்நிலையை மாற்றிவிடாது. ஆயினும் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வாசிகசாலைகளும் பத்திரங்களைத் தமிழில் வாசித்து விளக்கும் பணியை மேற்கொள்ளின், கையொப்பத்துக்கு முன்னரே கேள்வி கேட்கும் வழக்கம் உருவாகும். படிவங்கள் நமது மொழியிலும் விளங்கும் நடையிலும் அமைய வேண்டும் என்ற கோரிக்கை அவ்வழக்கத்திலிருந்தே வலுப்பெறும்.