நான்கே வருடத்தில் சரிந்த செல்வாக்கு

1964 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரி மலைப் பகுதிக்குப் போனார். வேலையில்லாத ஒரு குடும்பத் தலைவரின் மரவீட்டுத் திண்ணையில் குத்தவைத்து உட்கார்ந்து, வீட்டுக் கஷ்டத்தைக் கேட்டார். வறுமையின் மீது போர் தொடுப்பதாக அந்த ஜனவரியில்தான் அவர் அறிவித்திருந்தார். டெக்சஸின் வறண்ட கிராமப்புறத்தில் வளர்ந்தவர். இளம் வயதில் மெக்சிகோ வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். அந்த அக்கறையில் போலித்தனம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வருடத் தேர்தலில் காரின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் பேசினார், கை வீங்கும்வரை மக்களோடு கைகுலுக்கினார். 61 சதவீத வாக்குகள் அவருக்கு விழுந்தன. 50 மாநிலங்களில் 44 அவர் பக்கம்.

1968-இல் அவரால் ராணுவ முகாம்களைத் தாண்டி நிம்மதியாக எங்கும் போக முடியவில்லை. இன்றைக்கு எத்தனை குழந்தைகளைக் கொன்றாய் என்று அவர் பெயரைச் சொல்லியே மாணவர்கள் கோஷம் போட்டார்கள். ஆகஸ்டில் கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு இருந்த ஆதரவு 35 சதவீதம்.

வியட்நாம் போர்தான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 1965 ஜூலையின் கடைசி வாரத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 28-ஆம் தேதி செய்தியாளர்களைச் சந்தித்து, வியட்நாமில் இருக்கும் 75,000 வீரர்களை 1,25,000 ஆக உயர்த்துவதாகச் சொன்னார். 30-ஆம் தேதி மிசௌரி மாநிலத்தில், முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டு பெருஞ்செலவுகளும் ஒரே கஜானாவிலிருந்து. போருக்கென்று வரி கேட்டால், அதைச் சாக்காக வைத்து நலத்திட்டங்களை எதிரிகள் வெட்டிவிடுவார்கள் என்று பயந்தார். அதனால் போரின் உண்மையான அளவை அடக்கியே வாசித்தார். அந்த வருடக் கடைசியில் தலைமைப் பொருளாதார ஆலோசகர் கார்ட்னர் ஆக்லி வரியை உயர்த்தச் சொன்னபோதும் அவர் இணங்கவில்லை.

மறைத்த கணக்கு மளிகைக்கடையில் தெரிந்தது. 1964-இல் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்த விலைவாசி உயர்வு, 1968-இல் நான்கைத் தாண்டியது. வியட்நாமில் வீரர்கள் 5 லட்சத்துக்கு மேல். 1964-இல் வருமான வரியைக் குறைத்துப் பாராட்டு வாங்கிய அதே மனிதர், 1968 ஜூனில் வரிக்கு மேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். அதற்குச் சம்மதிக்க, 600 கோடி டாலர் செலவைக் குறைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் நிபந்தனை வைத்தது. எந்த வெட்டுக்குப் பயந்து கணக்கை ஒளித்தாரோ, அதுவே வந்து சேர்ந்தது.

கல்லூரியில் படித்தவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஏழை வீட்டுப் பையன்கள் போனார்கள். 1965-இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானபோது உடன் இருந்த மார்ட்டின் லூதர் கிங், 1967 ஏப்ரலில் இந்தப் போரை வெளிப்படையாகவே எதிர்த்தார். வறுமை ஒழிப்புக்கான பணத்தைப் போர் தின்கிறது என்பது அவர் ஆற்றாமை. அவர் சொன்னது சரி என்றே நானும் நம்புகிறேன்.

ஜான்சனுக்கு விமர்சனமும் பொறுக்காது. பருவமழை பொய்த்து இந்தியா தவித்தபோது கோதுமைக் கப்பல்களைச் சிறிது சிறிதாகவே அனுமதித்தார். வேளாண் கொள்கையை மாற்ற வைப்பது அதற்கு ஒரு காரணம். வியட்நாம் பற்றி டெல்லி பேசிய பேச்சு இன்னொரு காரணம்.

வெற்றி நெருங்கிவிட்டதாகத் தளபதிகள் சொல்லிச் சில மாதங்களில், 1968 ஜனவரியில், எதிர்த்தரப்புக் கெரில்லாக்கள் வியட்நாமின் சைகோன் நகரில் இருந்த அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே புகுந்தார்கள். அதன் பிறகு அவர் வார்த்தையை நம்புகிறவர்கள் குறைந்துபோனார்கள். மார்ச் 31 அன்று, மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்.

இன்று மெடிகேரால் பயனடைவோர் 6 கோடிக்கும் மேல். 1964-இல் 19 சதவீதமாக இருந்த வறுமை, 1969-க்குள் 12-க்கு இறங்கியது. அமெரிக்கத் தலைநகரின் நினைவுச் சுவரில் வியட்நாமில் மாண்ட 58,000-க்கும் அதிகமானவர்களின் பெயர்கள். வியட்நாமியர் சாவோ லட்சக்கணக்கில். நல்லதைச் செய்தவரே இதையும் செய்தார் என்பதில்தான் என் ஆத்திரம். 1968 முதல் 1988 வரை நடந்த ஆறு அதிபர் தேர்தல்களில் ஐந்தில் அவர் கட்சி தோற்றது. வறுமை ஒழிப்புக்கென அவர் தொடங்கிய அலுவலகத்தை 1973-இல், அவருக்கு அடுத்து அதிபரான நிக்சன் பிரித்துக் கலைக்க ஆரம்பித்தார்.