43 விநாடியில் ஒரு ரயிலின் வேகம்

ஹாஸ்டலில் என் பட்டப்பெயர் "ஸ்டேஷன் மாஸ்டர்". ராத்திரி தூரத்தில் ஹாரன் கேட்டால் போதும், "மாஸ்டர், இது என்ன வண்டிடா?"ன்னு பக்கத்து ரூமிலிருந்து குரல் வரும். நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். ஊருக்குப் போகிற நாளில் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே பிளாட்பாரத்தில் நிற்பேன். டிக்கெட் கிடைத்தால் பெட்டியின் ஓரத்து சீட், அதாவது சக்கரத்துக்கு நேர் மேலே. எல்லாரும் வேண்டாம்னு ஒதுக்குற சீட் அது.

ரயில் ரசிகன்னா எஞ்சினை போட்டோ எடுக்கிறவன்னு பல பேர் நினைக்கிறாங்க. அதுவும் உண்டு. டபிள்யூ.ஏ.பி-7 என்ற பெயரைப் பார்த்ததும் அகலப்பாதை, ஏ.சி. மின்சாரம், பயணிகள் வண்டி, ஏழாவது மாடல்னு பிரித்துப் படிக்கத் தெரியும். ஆனா என் பைத்தியம் எஞ்சின் மேல இல்ல, அதுக்குக் கீழே கிடக்கிற தண்டவாளம் மேல. காரணம், என் தாத்தா.

தாத்தா ரயில்வேயில் கீமேன். தோளில் ஸ்பேனர், கையில் சுத்தியல், சிவப்பு பச்சைக் கொடியோடு தன் எல்லைக்குள் வரும் பாதையைத் தினமும் நடந்து பார்க்க வேண்டும். தளர்ந்த கீயை அடித்து இறுக்கணும், ஃபிஷ்பிளேட் போல்ட்டை முடுக்கணும். ரிட்டயர் ஆன பிறகும் ரயிலில் ஏறினால் அவர் ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்ததில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே வருவார்.

எங்க ஊர் தேனி. மதுரை - போடி பாதை 1928-ல் போட்ட மீட்டர் கேஜ் லைன். எனக்கு ஆறு வயசு இருக்கும்போது அந்த வண்டியில் தாத்தா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். கையிலிருந்த வாட்சைக் காட்டி, "முள்ளு இங்க இருந்து 43 விநாடி போற வரைக்கும் தடக்-தடக்கை எண்ணுடா"ன்னார். எண்ணினேன். நாற்பது வந்தது. "அப்ப வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்துல போகுது" என்றார். எனக்கு அது மந்திரமா இருந்தது. ஏன் 43 என்று அவருக்கும் தெரியாது. எப்பவோ ஒரு கார்டு சொல்லிக்கொடுத்ததாம்.

மந்திரத்தின் கணக்கு இவ்வளவுதான். மீட்டர் கேஜில் ஒரு தண்டவாளத்தின் நீளம் 12 மீட்டர். ஒவ்வொரு 12 மீட்டருக்கும் ஒரு இணைப்பு, இணைப்பில் சின்ன இடைவெளி. சக்கரம் அதைத் தாண்டும்போது சத்தம் வரும். ஒரு போகியில் ரெண்டு அச்சு இருப்பதால் இரட்டையா "தடக்-தடக்"னு கேட்கும், அந்த ஜோடியை ஒண்ணுன்னு எண்ணணும். மீட்டர்/விநாடியை கி.மீ./மணி ஆக்க 3.6 ஆல் பெருக்குகிறோம் இல்லையா, 12 × 3.6 = 43.2. அவ்வளவு விநாடியில் எத்தனை இணைப்போ அதுவே கி.மீ. வேகம். அகலப்பாதையின் பழைய தண்டவாளம் 13 மீட்டர் என்பதால் அங்கே 47 விநாடி.

சரி, அந்த இடைவெளி எதுக்கு? வெயிலுக்கு. விடிகாலையில் 25 டிகிரியில் இருக்கும் தண்டவாளம் நடுமதியத்தில் 60 டிகிரி ஆனால், 13 மீட்டர் எஃகு சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். இடம் விடலைன்னா அது எங்கே போகும்?

2010 முடிவோடு எங்க லைனை அகலப்பாதையாக்க மூடிட்டாங்க. நான் அப்போ ஒண்ணாங்கிளாஸ். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த மண்மேட்டில் தாத்தா காலையில் நடப்பார், சில நாள் நானும் கூடப் போவேன். ஜல்லிக்கு நடுவில் புல் முளைத்தது. "இந்த வருஷம் வந்துரும்"னு ஒவ்வொரு வருஷமும் சொன்னாங்க. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாசம். நான் பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சை எழுதிக்கிட்டிருந்தேன். என் பள்ளிக்கூட வாழ்க்கை முழுக்க என் ஊரில் ரயில் ஓடலை.

பரீட்சை முடிந்ததும் தாத்தாவைக் கூட்டிக்கிட்டு மதுரைக்கு டிக்கெட் எடுத்தேன். இதற்குள் அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. வாட்சை மட்டும் மறக்காம கட்டிக்கிட்டு வந்தார். வண்டி கிளம்பி கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், என் பக்கம் திரும்பி, "இன்னும் எடுக்கலையா?"ன்னு கேட்டார்.

ஜன்னலைக் காட்டினேன். பார்த்தார். காது கேட்காததால்தான் என்று நினைத்து முகம் வாடிப்போச்சு. "எனக்கும் கேக்கலை தாத்தா, தண்டவாளத்தை ஒண்ணா வெல்ட் பண்ணிட்டாங்க"ன்னு காதுக்குள் கத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அப்ப வெயிலுக்கு அது எங்கடா போகும்?"

எனக்குப் பதில் தெரியலை. நான் சிவில் எடுத்ததுக்கு பாதி காரணம் இந்தக் கேள்விதான்.

பதில் வகுப்பில் கிடைத்தது. பிலாய் ஆலையில் 130 மீட்டர் நீளத்துக்கு உருட்டி, இரண்டை ஒட்டி 260 மீட்டராக அனுப்புகிறார்கள். பாதையில் அவற்றையும் ஒட்டி கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாக்கிவிடுகிறார்கள். அது நீள முயற்சி செய்யும். நீள விடாமல் ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆக, நீள வேண்டிய எஃகு உள்ளுக்குள்ளேயே அழுத்தமாக வைத்துக்கொள்கிறது. ஒட்டிய வெப்பநிலையைவிட 30 டிகிரி ஏறினால், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் ஒன்றுக்குள் சுமார் 56 டன் விசை. நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் ஃபார்முலாதான், யங் குணகம் × விரிவுக் குணகம் × வெப்பநிலை மாற்றம் × பரப்பு, போட்டுப் பாருங்க. அதில் நீளம் என்ற எழுத்தே இல்லை! ஒரு கிலோமீட்டரா பத்து கிலோமீட்டரா என்பது விசைக்கு முக்கியமே இல்லை. இரண்டு முனைகளில் மட்டும் கொஞ்சம் அசையும், அங்கே அதற்கென்றே தனி இணைப்பு வைப்பார்கள்.

அந்த தீபாவளி லீவில் பேப்பரில் படம் போட்டு தாத்தாவுக்கு விளக்கினேன். "நீளாது தாத்தா. ஜல்லி பிடிச்சுக்கும்." நான் பெரிய இன்ஜினியர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப ஜல்லியை யாருடா பாக்குறது?" என்றார்.

என் பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி பத்து பக்கம் தள்ளி இருந்தது. ஜல்லி குறைந்தாலோ தளர்ந்தாலோ அந்த 56 டன்னும் ஒரு மதியத்தில் பக்கவாட்டில் வெளியே வரும், பாதை பாம்பு மாதிரி வளையும். அதனால்தான் கோடையில் உச்சி வெயிலில், நாமெல்லாம் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் நேரத்தில், பாதையை நடந்து பார்க்க ஆள் அனுப்புகிறார்கள். சத்தம் போனது. நடக்கிறவர் போகவில்லை.

இப்போ வேகம் பார்க்க நான் கிலோமீட்டர் கல்லை நம்புகிறேன். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதால் வகுத்தால் கி.மீ. வேகம் வந்துவிடும். 45 விநாடின்னா 80. வசதிதான். ஆனா கண்ணை மூடிக்கிட்டு செய்ய முடியாது.

போன பொங்கலுக்கு தாத்தாவை மறுபடி மதுரைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசவே இல்லை. மதுரை ஜங்ஷனுக்குள் நுழையும்போது பாதைகள் பிரியும் இடத்தில், சக்கரம் கிராசிங்கில் ஏறி இறங்கி, சீட்டே அதிரும்படி தடக்-தடக் என்றது. தாத்தா கண்ணைத் திறக்காமல் என் முழங்கால் மேல் விரலை வைத்துத் தட்டினார்.

"ஒண்ணு" என்றார்.