ஹயசிந்த்: வெயிலில் உருவாகிக் குளிரில் வெளிவரும் பூ

துருக்கியின் தென்பகுதி மலைச்சரிவுகளிலும் அவற்றை ஒட்டிய சிரியா, லெபனான் நிலங்களிலும் இயற்கையாக வளரும் ஹயசிந்த் என்னும் செடி, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழித்துவிட்டு, குளிர்காலம் முடியும் தறுவாயில் மட்டும் வெளிப்பட்டு, அடர்ந்த மணமுடைய மணி வடிவப் பூக்களைக் கொத்தாகத் தருகிறது. 16ஆம் நூற்றாண்டில் துருக்கியப் பேரரசின் நிலங்களிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்ற இது, 18ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஹார்லெம் நகரத் தோட்டக்காரர்களின் கையில் நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா எனப் பல நிறங்களாகப் பெருகியது. அந்நகரத்தின் ஜார்ஜ் ஃபோர்ஹெல்ம் 1752இல் இந்த ஒரு செடியைப் பற்றியே தனி நூல் வெளியிட்டார் என்பதிலிருந்து அக்காலத்து ஈடுபாட்டை உணரலாம். எனினும் அன்று தொட்டு இன்றுவரை இதை வளர்ப்போர் பலர் சந்திக்கும் ஏமாற்றம் ஒன்றே: இலை செழிக்கிறது, பூக்காம்பு மட்டும் எழாமல் இலைகளுக்கிடையிலேயே சிக்கிக்கொள்கிறது. இதன் காரணம் பெரும்பாலும் உரத்திலோ நீரிலோ இல்லை. அந்தச் செடி தன் மலைநாட்டில் வாழ்ந்துவரும் ஓராண்டின் ஒழுங்கில் உள்ளது.

ஹயசிந்தின் அடிப்பகுதி வெங்காயத்தைப் போன்ற குமிழம், அதாவது உணவைச் சேமிப்பதற்காக உருமாறிய தரைகீழ் உறுப்பு ஆகும். அதன் அடியில் உள்ள தட்டையான பகுதியே உண்மையான தண்டு. அதிலிருந்து கீழ்நோக்கி வேர்களும், மேல்நோக்கி மாவுச்சத்து நிறைந்த செதிலிலைகளும் தோன்றுகின்றன. அவற்றின் நடுவே பாதுகாப்பாக வளர்நுனி அமைந்திருக்கிறது. வசந்தத்தில் பச்சை இலைகள் ஈட்டும் உணவெல்லாம் செதில்களுக்குள் இறங்கிச் சேர்கிறது. கோடை தொடங்கியதும் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்துவிடுகின்றன. செடி உறங்கிவிட்டது என்று பார்ப்பவர் எண்ணும் அந்தக் காலத்தில்தான் அதன் மிக முக்கியமான வேலை நடைபெறுகிறது. வளர்நுனி இலைகளை உண்டாக்குவதை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டுக்கான மஞ்சரியை, அதாவது பூங்கொத்தின் முழு அமைப்பையும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வடிவில் உருவாக்கத் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹாலந்தின் வாகெனிங்கன் வேளாண் கல்லூரியில் பேராசிரியர் பிளாவ் குமிழங்களைத் தொடர்ந்து அறுத்து ஆராய்ந்து, இந்த உருவாக்கத்துக்கு ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் வெப்பமே மிக உகந்தது என்று கண்டறிந்தார். குளிர்நாட்டுப் பூவாகக் கருதப்படும் ஹயசிந்த், கோடை வெப்பத்தில்தான் கருக்கொள்கிறது என்பது இச்செடியைப் பற்றி அறியத்தக்க செய்திகளுள் தலையாயது.

உருவாகிய பூ வெளியே வருவதற்கோ நேர்மாறான சூழல் தேவைப்படுகிறது. ஈரமும் 5 முதல் 9 டிகிரி வரையிலான குளிரும் 10 முதல் 14 வாரங்கள் நீடித்தால்தான் வேர்கள் நன்கு இறங்கி, செதில்களின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பூக்காம்பின் செல்கள் பின்னர் வெப்பம் கிடைக்கும்போது விரைந்து நீள்வதற்கான ஆற்றலைப் பெறுகின்றன. இந்தக் காலம் குறைந்துபோனால் பூக்கள் இறந்துவிடுவதில்லை. காம்பு நீளாததால் குமிழத்தின் கழுத்திலேயே நசுங்கியபடி மலர்கின்றன. இத்தேவை மலைநாட்டுச் செடிக்கு ஒரு காவலாகவும் அமைகிறது: இலையுதிர்காலத்தில் தற்செயலாக வரும் வெதுவெதுப்பான நாள்களை வசந்தம் என்று எண்ணி மலர்ந்து, பின்னால் வரும் கடும்பனியில் அழிந்துவிடாமல், குளிர்காலம் உண்மையாகவே கடந்துபோகும் வரை அது காத்திருக்கிறது. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வளரும் நரிவெங்காயம் ஹயசிந்துடன் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. அது குளிரை எதிர்பார்ப்பதில்லை, கடும் வெயிலில் இலையே இல்லாமல் பூக்காம்பை நீட்டி, மழை வந்த பிறகே இலை விடுகிறது. உறவுச் செடிகளாயினும் ஒவ்வொன்றும் தான் வாழும் மண்ணின் பருவத்துக்கேற்பத் தன் காலக்கணக்கை அமைத்துக்கொண்டுள்ளது.

இந்த இரு கட்டங்களையும் மனிதர் விரும்பும் மாதத்துக்கு நகர்த்துவதே, பருவத்துக்கு முன்பாகப் பூக்கவைக்கும் கலையின் சாரம். ஹாலந்தின் லிஸ்ஸே ஊரைச் சேர்ந்த நிக்கோலாஸ் டேம்ஸ் என்ற விவசாயி, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், குமிழங்களை வழக்கத்துக்கு முன்பே தோண்டியெடுத்து வெப்ப அறையில் வைத்தால் பூ உருவாக்கம் முன்னதாகவே நிறைவடையும் என்று காட்டினார். இன்று 'பதப்படுத்தப்பட்டவை' என்ற பெயரில் விற்கப்படும் குமிழங்கள் இவ்வழியில் வந்தவையே. செப்டம்பரில் நட்டால் அவை கிறிஸ்துமஸ் சமயத்தில் மலர்கின்றன. வெப்பக் கட்டத்தை விற்பவரே முடித்துத் தந்துவிடுகிறார். குளிர்க் கட்டம் மட்டும் வளர்ப்பவரின் பொறுப்பாகிறது. ஈரானில் மார்ச் மாதம் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுப் படையலில் ஹயசிந்துக்கு நெடுங்காலமாக இடமுண்டு. இவ்வாறு நகர்த்தப்படாத செடியின் இயல்பான பூக்கும் பருவமும் அதுவே.

வீட்டில் வளர்ப்பவர் சுற்றளவு 17 சென்டிமீட்டருக்குக் குறையாத, கனமான, அடித்தட்டில் அழுகலோ பூஞ்சணமோ இல்லாத குமிழங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது; பூங்கொத்தின் பருமன் உள்ளிருக்கும் சேமிப்பைப் பொறுத்தது. குமிழத்தின் புறத்தோலில் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்கள் இருப்பதால் கைகளில் அரிப்பு உண்டாகும். ஆகவே கையுறை அணிவது அவசியம். குமிழம் விலங்குகளுக்கு நஞ்சு என்பதால் நாய், பூனைகளுக்கு எட்டாமலும் வைக்க வேண்டும். தொட்டியில் நடும்போது நுனி மண்ணுக்கு மேல் சற்றே தெரியுமாறு நடுகிறார்கள். இடை குறுகிய கண்ணாடிக் குடுவையில் நீர்மேல் வளர்க்கும் முறையும் உண்டு. அதில் நீர்மட்டம் அடித்தட்டைத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், தொட்டால் குமிழம் அழுகிவிடும். வேர்கள் ஈரத்தைத் தேடித் தாமாகவே இறங்கிவிடும். நட்ட பின் குளிர்க் கட்டம் முழுவதும் இருளும் குளிரும் சேர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்; இதன் நோக்கம், மேற்பகுதியை அடக்கி வைத்து வேரை முந்த விடுவதே. ஹாலந்தில் இதற்காகக் குடுவையின்மேல் காகிதக் கூம்புகளைக் கவிழ்த்து வைப்பது பழைய வழக்கம்.

குளிர்காலமே இல்லாத நாடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறி அறை இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் பழுக்கும் ஆப்பிள் முதலிய பழங்கள் எத்திலீன் வாயுவை வெளியிட்டு உள்ளிருக்கும் பூ மொட்டைக் கருகச் செய்துவிடும் என்பதால், அவற்றை அதே பெட்டியில் வைக்கக் கூடாது. குருத்து 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயர்ந்து, அதனுள்ளே மொட்டின் பருமன் விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகே செடியை வெளியே எடுக்க வேண்டும். நாள்காட்டியைவிட இந்த விரல் சோதனை நம்பகமானது. எடுத்தவுடன் சூடான அறைக்குக் கொண்டுபோகாமல், முதலில் 10 டிகிரி அளவிலான மங்கலான வெளிச்சத்தில் சில நாள்கள் பழக்கி, அதன் பின்னரே 18 டிகிரி அறைக்கு மாற்றினால் காம்பு ஒழுங்காக நீண்டு, இரண்டு மூன்று வாரங்களில் பூக்கள் விரியும்.

பூ வாடிய பின் நீரில் வளர்ந்த குமிழம் பெரும்பாலும் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்திருக்கும். அதிலிருந்து மறு பூவை எதிர்பார்ப்பதற்கில்லை. மண்ணில் வளர்ந்ததற்கோ வாய்ப்பு உண்டு: வாடிய பூங்கொத்தை மட்டும் நீக்கிவிட்டு, இலைகள் தாமாகக் காயும் வரை வெளிச்சமும் நீரும் கொடுத்துவந்தால், குளிர்நாட்டுத் தோட்டமொன்றில் அது ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பூக்கும், கொத்து முன்போல் அடர்த்தியாக இராமல், பூக்கள் இடைவெளி விட்டு அமைந்து, மலைச்சரிவில் வளரும் காட்டு வகையையே பெரிதும் ஒத்திருக்கும்.