புது வீட்டின் முதல் சித்திரை

தையில் பால் காய்ச்சிக் குடியேறியவர்களுக்குத் தங்கள் வீடு எப்படிப்பட்டது என்று தெரியவருவது சித்திரையில்தான். இரவு ஒன்பது மணிக்கு மாடி அறையில் மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்குகிறது. மத்தியானம் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத வெந்நீர் வருகிறது. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் பார்க்கிறவர்களுக்கு, மேஸ்திரி ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகம் வராமல் இருக்காது. பெரும்பாலும் அவர் மேல் குற்றமில்லை. மூன்று தொல்லையும் மொட்டை மாடியில் தொடங்குகின்றன.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும், சென்னையில் ஏப்ரல் 25-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. எனவே கோடையில் தெற்குச் சுவர்மீது நண்பகல் வெயில் நேராக விழுவதே இல்லை. தெற்கு ஜன்னலுக்குக் கனத்த திரை வாங்கும் காசை மேற்கு ஜன்னலுக்குச் செலவழிக்கலாம். அடி முழுவதையும் வாங்குவது மேல்தளம்தான். தெளிந்த வானத்தில், உச்சி வேளையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் வெயில் அதன்மேல் கொட்டுகிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் உள்ள ஐந்து அங்குலக் கான்கிரீட்டின் எடை 3 டன்னைத் தாண்டும். பகல் முழுக்க அது வெப்பத்தைக் குடிக்கிறது. மேற்பரப்பில் ஏறிய சூடு அடிப்பக்கம் வந்து சேர 3 முதல் 4 மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் வெளியே வெயில் தாழ்ந்து காற்று வீசத் தொடங்கும் வேளையில் அறைக்குள் கூரை உச்சச் சூட்டை எட்டுகிறது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதைப்போல, அது நள்ளிரவு வரை சுடும்.

மின்விசிறி இங்கே ஏன் தோற்கிறது? அது அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆற்றி உடம்பைத்தான் குளிர்விக்கிறது. நம் தோலின் வெப்பம் சுமார் 34 டிகிரி. கூரை 40 டிகிரியில் இருந்தால், அங்கிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் நேரே நம் மேல் விழும். கதிரைக் காற்றால் தள்ளிவிட முடியாது. ஏசி போட்டாலும் முதலில் கூரையோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும். அந்த ஒரு தளம் 10 டிகிரி தணிய வேண்டுமானால் அது இழக்க வேண்டிய வெப்பம், ஒரு டன் ஏசி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். வெப்பம் உள்ளே வந்த பிறகு அதை விரட்டக் காசு செலவழிக்கிறோம். வருவதற்கு முன்பே, மேலேயே தடுப்பது எவ்வளவோ மலிவு.

நம் பழைய கொத்தனார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடைசியாகத் தட்டோடு பதித்தார்கள். கான்கிரீட் வீட்டிலும் மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போடும் வழக்கம் உண்டு. ஆனால் கட்டி முடிக்கும் நேரத்தில் கையில் பணம் வற்றிவிடுவதால், "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று முதலில் தள்ளிவைக்கப்படுவது இந்த வேலைதான்.

பணம் சேரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பங்குனியிலேயே மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவி, ஊறவைத்து வடிகட்டிய கிளிஞ்சல் சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட்டிங் அடித்துவிடலாம். சுண்ணாம்பிடம் ஓர் அபூர்வமான குணம் இருக்கிறது. வெயில் நம்மிடம் வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும் அதை ஒட்டிய அகச்சிவப்பாகவும். சூடேறிய தளம் வெப்பத்தை வெளியேற்றுவதோ அதைவிட நெடிய அலைநீளத்தில். புது வெள்ளை முதல் வகையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். இரண்டாவது வகையை எந்தத் தடையுமின்றி வானத்துக்கு விடும். பகலில் குறைவாக வாங்கி இரவில் தாராளமாகக் கொடுக்கும் பொருள் இது. பளபளக்கும் தகரமும் வெயிலைத் திருப்பும், ஆனால் இரவில் வெப்பத்தை எளிதில் விடாது. சுண்ணாம்பின் குறை ஒன்றுதான்: தூசி படிந்தால் வேலை செய்யாது, ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். தெலங்கானா 2023-ல் இத்தகைய குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமும் செய்ய வேண்டிய காரியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும் வீண் வேலையல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அந்தப் படுக்கையறைத் தளத்தின் மேல் 10 லிட்டர் வாளி ஒன்றைப் பரவலாகத் தெளித்து, ஆவியாவதற்கான வெப்பத்தில் பாதியை மட்டும் கான்கிரீட்டிலிருந்து எடுத்தால்கூடத் தளம் 4 டிகிரி இறங்கும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தண்ணீர் மெல்லத்தான் காயும். மதுரை, வேலூர்ப் பக்கம் பலன் கூடுதல். தேங்க மட்டும் விடக் கூடாது.

வாடகை வீட்டில் பலருக்கு மொட்டை மாடிச் சாவியே கிடைத்திருக்காது. சொந்த வீட்டில் வடாம் பிழியலாம், மிளகாய் காயவைக்கலாம், இரவில் பாய் விரித்துப் படுக்கலாம். அறைக்குள் நம் மேல் கதிர் வீசும் சூடான கூரை அங்கே இல்லை. உடம்பின் வெப்பம் திறந்த வானத்துக்குப் போகிறது. மாடித் தூக்கத்தின் சுகம் அதில்தான்.

குழாய் வெந்நீருக்குக் காரணம் கறுப்புத் தொட்டியும் வெயிலில் கிடக்கும் குழாய்களும். உள்ளே ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதற்காகத்தான் கறுப்பு. வெளியே வெள்ளையும் உள்ளே கறுப்பும் உள்ள தொட்டி வாங்கினால் பாசியும் வராது, கொதிப்பும் குறையும். தொட்டிக்கு மேல் நிழல் வலை கட்டினாலும் போதும்.

கடைசியாக அந்த விரிசல். 10 மீட்டர் நீளத் தளம் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். அடியில் உள்ள சுவர் அவ்வளவு சூடேறாததால் அதோடு சேர்ந்து நகராது. இரண்டும் சேருமிடத்தில் பூச்சு பிளந்துகொள்கிறது. கூரையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் இந்த வகை. சாய்வாக ஓடினாலோ, அகன்றுகொண்டே போனாலோ, தூண், பீம் பக்கம் தெரிந்தாலோ பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மற்றபடி, முதலில் மாடிக்கு வெள்ளை அடித்துத் தளத்தின் ஆட்டத்தைக் குறைத்துவிட்டு, பிறகு இளகும் தன்மையுள்ள பூச்சால் அடையுங்கள். வெறும் சிமென்ட்டை வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்பப் பிளக்கும்.